பச்சைக்கு அடியில் மஞ்சள்

பலாபத்வல
2025 பெப்ரவரி 12

நப்லான்,

நேற்று, பெப்ரவரி பதினோராம் திகதி செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு, இருபத்துநான்கு குழாய்களில் மூன்றை நான் கழித்தேன்.

சுகம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எழுதக் கூடாத விஷயம் என்றும் தெரியும். அதனால்தான் தபாலில் போடாமல், உன் முகாமுக்குப் பாண் கொண்டுவருகிற ஜவாஹிர் நானாவின் வேனில் கொடுத்துவிடுகிறேன். வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற, இருந்தாலும் சிக்னல் கிடைக்காத காட்டு முகாமுக்கு உன்னை யார் போகச் சொன்னது?

என் புது வேலையைக் கேட்டாய். தேயிலைப் பெக்டரிகளில் பொயிலருக்கு வெடிப்புப் பார்த்துக்கொண்டு திரிந்தவனைக் கூப்பிட்டு, படைக்குப் புதிதாகச் செய்கிற எறிகணைக் குழாய்க்கு வெடிப்புப் பார் என்றார்கள். வேலை ஒன்றுதான். வெல்டிங் செய்த இடத்தில் சிவப்புச் சாயம் பூச வேண்டும். துடைக்க வேண்டும். மேலே வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். மயிரளவு வெடிப்பு இருந்தாலும் உள்ளே ஒளிந்திருந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பி வந்துவிடும். மூன்று குழாய்களின் அடிவளையத்தில் கோடு வந்தது. எறிகணை கிளம்பும்போது அத்தனை அடியையும் தாங்குவது அந்த வளையம்தான். பொயிலரில் இப்படிக் கண்டிருந்தால் பெக்டரியையே நிறுத்தியிருப்பேன். மூன்று வளையங்களையும் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடித்து ஸ்டோருக்கு அனுப்பினேன்.

ஸ்டோர் கீப்பர் சிவலிங்கம் அண்ணன் எடுக்க மறுத்துவிட்டார்.

"கழிச்ச சாமான்னு ஒண்ணு என் கணக்குல இல்ல தம்பி. சேவே போர்டு வந்து உக்காந்து, மூணு பேரு பாத்துக் கையெழுத்து வச்சாத்தான் அது கழிவு. போர்டு வருசக் கடைசியிலதான் உக்காரும். அது வரைக்கும் இது நல்ல சாமான்."

"அதுக்குள்ள வெடிச்சா?"

"வெடிச்சதைக் கழிக்கவும் போர்டு வேணும்."

பகிடிக்குச் சொல்லவில்லை. பென்ஷனுக்கு எட்டு மாதம் இருக்கிற மனிதர், நிஜமாகவே சொன்னார். உங்கள் போர்டுக்குக் கண் இருக்கிறதா, கை மட்டும்தானா என்று கேட்டுவிட்டேன். இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், மூன்று குழாயும் அவர் ஸ்டோரில் மூலையில் கிடக்கின்றன. அது போதும்.

உன் உம்மாவைப் பார்த்தேன். "எங்கட மகன் லக்கலயிலதான் இருக்கானா, லண்டனுக்குப் போயிட்டானா?" என்று கேட்டார். தங்கச்சியின் கல்யாணத்தைப் பெருநாளுக்குப் பிறகு வைத்திருக்கிறார்களாம். லீவு எடு.

அஜந்தன்

*

லக்கல முகாம்
2025 பெப்ரவரி 19

என் அன்பு மச்சான் அஜந்தனுக்கு,

நீ கேட்காத சுகத்தை நானே சொல்கிறேன்: நல்ல சுகம். உன் கடிதம் பாண் தூளோடு வந்து சேர்ந்தது. கூட்டாளிக்கு இரும்பைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவன் இந்த நாட்டில் நீ ஒருவன்தான். உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இங்கே போன கிழமை யானை வந்து தண்ணீர்த் தாங்கியைச் சாய்த்துவிட்டுப் போனது. தாங்கியைத் திருத்துவதற்கு முன்னால் அதற்குப் பெயின்ட் அடித்தோம். ஏன் என்று கேள். மார்ச் பதினேழாம் திகதி கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். அதனால் கல்லுக்கு வெள்ளை, மரத்துக்கு இடுப்பு வரை வெள்ளை, வாளிக்குச் சிவப்பு. அசையாமல் நின்றால் எங்களுக்கும் ஒரு பூச்சு விழும்.

எனக்குக் கீழே இசுரு என்று ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். யட்டவத்தக்காரன், இருபத்திரண்டு வயது. அவன் அம்மா அங்கே சந்தையில் வெற்றிலை விற்கிறாள். என்னிடம் தமிழ் படிக்கிறான். முதலில் கெட்ட வார்த்தை கேட்டான். 'பசிக்குது' என்று சொல்லிக்கொடுத்தேன். அதுதான் பெரிய தூஷணம் என்று நினைத்துக்கொண்டு, சார்ஜன்ட் மேஜருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு "பசிக்குது, பசிக்குது" என்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் பார்க்க வருவது உன் குழாய்களைத்தான். எல்லாம் இங்கேதான் வருகின்றனவாம். குழாய்களை ஒவ்வொன்றாகச் சுட்டுக் காட்டப் போகிறவன் நான். எறிகணையை உள்ளே விடப் போவது இந்தக் கை. நீ கழித்த மூன்றும் உன் ஸ்டோரிலேயே கிடக்கும்தானே? இருபத்தொன்று வந்தால் போதும். பெரியவர் எண்ணியா பார்க்கப் போகிறார்?

உம்மாவிடம் சொல், பெருநாளைக்கு இன்ஷா அல்லாஹ் வருவேன்.

உன் நப்லான்

*

பலாபத்வல
2025 மார்ச் 3

நப்லான்,

இருபத்தொன்று வராது. இருபத்துநான்கும் வருகின்றன. லொறி இன்று காலை போய்விட்டது. இந்தக் கடிதம் அதற்குப் பின்னால் வருகிறது.

என்னைப் போன கிழமை மூன்று நாள் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என்ன பயிற்சி தெரியுமா, வேலைத்தலப் பாதுகாப்பு. திரும்பி வந்து பார்த்தால் பட்டறை முழுக்கப் பச்சை. பெரியவர் பார்க்கப் போகிற சாமான் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவாம். நாட்கூலிக்கு ஆள் பிடித்து, கண்ணில் பட்ட குழாய்க்கெல்லாம் அடித்திருக்கிறார்கள். ஸ்டோரில் கிடந்த மூன்றையும் வெளியே எடுத்து, என் மஞ்சளுக்கு மேலேயும். வரிசையாக நிற்கிற இருபத்துநான்கில் எது எது என்று எனக்கே தெரியவில்லை. குழாயில் இலக்கம் இருக்குமே என்பாய். இலக்கம் வெட்டுவதற்குக் கொழும்பில் கோப்பு ஒப்புதலாக வேண்டும். கோப்பு அங்கே படுத்திருக்கிறது, குழாய் லொறியில் ஏறிவிட்டது.

பணிப்பாளரிடம் போனேன். சிங்களத்தில்தான் பேசினோம். சாரம் இது:

"கோப்புல இருபத்துநாலு. இருபத்தொண்ணு அனுப்பினா மூணு எங்கன்னு கேப்பாங்க."

"வெடிப்பு இருக்குன்னு சொல்லுங்க சேர்."

"கழிச்சதா எங்கயாவது பதிவு இருக்கா?"

"போர்டு உக்காரலையே சேர்."

"அப்ப இல்ல."

எல்லாவற்றையும் உரித்துத் திரும்பப் பார்க்கிறேன், நாலு நாள் கொடுங்கள் என்றேன். உரித்தால் பச்சை போய்விடுமே என்றார். அந்த இடத்தில் கதவை அறைந்துவிட்டு வந்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

இப்போது கவனமாக வாசி. குழாயின் அடியில், வளையத்துக்குப் பக்கத்தில், நகத்தளவு பெயின்ட்டைச் சுரண்டிப் பார். பச்சைக்கு அடியில் இரும்பு தெரிந்தால் சரி. மஞ்சள் தெரிந்தால் கிட்டப் போகாதே, யாரையும் விடாதே. மூன்று இருக்கின்றன. மூன்றையும் கண்டுபிடிக்கிற வரைக்கும் நிறுத்தாதே.

நோன்பு தொடங்கிவிட்டது. உம்மா நேற்றுக் கஞ்சி கொடுத்துவிட்டார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அஜந்தன்

*

லக்கல முகாம்
2025 மார்ச் 8

மச்சான்,

சமையல் கொட்டிலில் பூசணிக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நோன்பு பிடித்துக்கொண்டு முழு முகாமுக்கும் சமைக்கிறேன். பதினான்கு நாள் தண்டனை.

குற்றம் என்னவென்றால் அரச சொத்துக்குச் சேதம் விளைவித்தது. எட்டுக் குழாய் சுரண்டினேன். இரண்டில் மஞ்சள் வந்தது, நீ சொன்ன அதே இடத்தில். ஒன்பதாவதில் கத்தியை வைக்கும்போது சார்ஜன்ட் மேஜர் கையைப் பிடித்துவிட்டார். கட்டளை அதிகாரிக்கு முன்னால் நிறுத்தினார்கள். வெடிப்பு இருக்கிறது சேர் என்றேன்.

"உனக்கு யார் சொன்னது?"

"பெயின்ட் உரிஞ்சிருந்திச்சு சேர். அடியில மஞ்சள் தெரிஞ்சிச்சு."

"மஞ்சள்னா வெடிப்புன்னு உனக்கு யார் சொன்னது?"

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. உன் பெயர் வராது, பயப்படாதே. பட்டறையிலிருந்து வந்த தாளை எடுத்துக் காட்டினார். இருபத்துநான்கும் நல்லவை என்று அதில் இருக்கிறது. நான் சுரண்டிய எட்டுக்கும் அன்று பின்னேரமே பச்சை அடித்துவிட்டார்கள்.

என் இடத்தில் இப்போது இசுரு நிற்கிறான். நான் அவனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். பெயின்ட் காய்வதற்கு முன்னால் அவன் ஒரு வேலை செய்தான். யட்டவத்த விகாரையில் அவன் அம்மா காப்பாகக் கட்டிவிட்ட பிரித் நூல் கையில் இருந்தது. அதை அறுத்து இரண்டாக்கி, அந்த இரண்டு குழாய்களின் தாங்கு காலிலும் கட்டிவிட்டான். கட்டிய நூலை அறுக்கலாமா என்று கேட்டேன். "குழாய்க்குத்தானே நானா காவல் வேணும், எனக்கு என்ன," என்று சிரிக்கிறான். சுடுவதற்குப் பன்னிரண்டு, காட்சிக்குப் பன்னிரண்டு. நூல் கட்டிய இரண்டையும் காட்சி வரிசையில் தள்ளிவிட்டான்.

ஆனால் மூன்றாவது எங்கே அஜந்தன்? பதினாறு மிச்சம் இருக்கிறது. இப்போது அந்தப் பக்கம் காவல் போட்டுவிட்டார்கள், பெயின்ட்டைக் காப்பாற்ற.

நப்லான்

*

லக்கல, முகாம் வாசலுக்கு வெளியே
2025 மார்ச் 12

நப்லான்,

இன்று மாத்தளையில் தேர். அம்மாவிடம் தேருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். இரண்டு பஸ், பிறகு ஒரு நெல் லொறி. வாசலில் என் பெயர் பட்டியலில் இல்லை என்றார்கள். பட்டறை அடையாள அட்டையைக் காட்டினேன். கடிதம் எங்கே என்றார்கள். யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டேன். உங்கள் பணிப்பாளரிடம் என்றார்கள்.

கட்டளை அதிகாரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். காவலில் நின்றவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அது அந்தப் பையை விட்டு வெளியே போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இதை ஜவாஹிர் நானாவின் வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். இசுருவிடம் சொல்: எதையும் சுட வேண்டாம். வயிற்று வலி என்று விழட்டும். கையை அடுப்பில் வைக்கட்டும். எனக்குக் கவலையில்லை. பதினாறில் ஒன்று.

அஜந்தன்

*

லக்கல முகாம்
2025 மார்ச் 21

அஜந்தன்,

இசுரு மௌத்தாகிவிட்டான். திங்கட்கிழமை, பெரியவருக்குச் சுட்டுக் காட்டும்போது. உனக்கு இதற்கு முன்பே தெரிந்திருக்கும். என் கையால் எழுத இத்தனை நாள் ஆனது.

நீ வேனில் இருந்து எழுதியதை அவனுக்குச் சொன்னேன். வயிற்று வலி என்று போய்ச் சொன்னான். வைத்தியப் பகுதியில் இரண்டு வெள்ளைக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "பசிக்குது நானா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நான் கொட்டிலில் இருந்தேன். ஒவ்வொரு சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பந்தலுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை மச்சான். அவர்கள் கை தட்டினார்கள். முதல் ஆறுக்கும் தட்டியது போலவே தட்டினார்கள். புகை கலைகிற வரைக்கும் தட்டினார்கள்.

அவன் நோன்பு பிடிக்கிறவன் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் தன் பங்குப் பாணில் பாதியை எனக்கு நோன்பு திறக்க என்று எடுத்து வைப்பான். அன்றைக்கும் வைத்திருந்தான். பாங்கு நேரம் வந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் குடித்தேன்.

உள்ளே ஒன்று இருக்கும்போதே அவன் இரண்டாவது எறிகணையை விட்டுவிட்டான், அதனால்தான் குழாய் பிளந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அவன் அம்மாவுக்கும் அப்படியே சொல்லிவிட்டார்கள். 'உங்கள் மகன் அவசரப்பட்டுவிட்டான்.' அந்தப் பெண் சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றதற்கும் சரி என்றாள், இதற்கும் சரி என்றாளாம்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். கதவை அறைவாய். அதனால் இதைக் கேட்கிறேன்: வேண்டாம். நீ பேசினால் மஞ்சளைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று திரும்பக் கேட்பார்கள். வெளி ஆளிடமிருந்து படை விஷயம் வாங்கினேன் என்று உள்ளே போடுவார்கள். தங்கச்சியின் கல்யாணம் நிற்கும். உம்மா என்ன ஆவார் என்று உனக்கே தெரியும். என் கடிதங்களை எரித்துவிடு.

இன்னொன்று. இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் சுரண்டியிருக்க மாட்டேன். சுரண்டாமல் இருந்திருந்தால் அந்தக் குழாய்க்கு முன்னால் நான் நின்றிருப்பேன். அவன் இப்போது யட்டவத்தவில் லீவில் இருப்பான்.

நப்லான்

*

பலாபத்வல
2025 மார்ச் 27

நப்லான்,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை இத்தனை நாளும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றைக்கு நான் எழுதியது படையைக் காப்பாற்ற இல்லை, உன்னைக் காப்பாற்றத்தான். நீ உயிரோடு இருக்கிறாய். அதில் சந்தோஷப்படவும் முடியவில்லை, சந்தோஷமில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

மற்றதுக்கு வருகிறேன். ஏப்ரல் இரண்டாம் திகதி விசாரணை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பணிப்பாளர் அறைக்கு அழைத்துக் கதிரை போட்டு உட்கார வைத்தார். முதல் தடவை. "ஒரே வரி சொல்லு போதும். இருபத்துநாலும் பரிசோதிக்கப்பட்டன. அதுல பொய் இல்லையே?" என்றார். இல்லை. ஒரு எழுத்தும் பொய் இல்லை. அதுதான் என்னை உறங்க விடாமல் செய்கிறது.

நேற்று சிவலிங்கம் அண்ணன் வந்தார். ஆறு கிழமைக்குப் பிறகு வாய் திறந்தார். "தம்பி, வெடிச்ச துண்டெல்லாம் என் ஸ்டோருக்கு வந்திருக்கு. கழிக்கிறதுக்குச் செவ்வாக்கிழம போர்டு உக்காருது. கையெழுத்து வச்ச கையோட உலைக்குப் போயிரும்."

"வருசக் கடைசியிலதானேண்ணே உக்காரும்?"

அவர் தரையைப் பார்த்தார். "விசேச போர்டு," என்றார். பிறகு, "நானும் துண்டுகளப் பாத்தேன் தம்பி. அடியில மஞ்சள் இருக்கு," என்றார். போகும்போது, செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தே வைப்பதாகச் சொன்னார்.

உன் கடிதங்களை இன்று மத்தியானம் எரித்துவிட்டேன். நீ கேட்டதில் அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியும். மற்றதைச் செய்ய மாட்டேன். ஆனால் உன்னை இழுக்காமல் செய்ய வழி இருக்கிறது. செய்யப் போவது இவ்வளவு:

1. செவ்வாய்க்கிழமை போர்டு உட்காரும்போது தின்னர் போத்தலும் வெள்ளைத் துணியுமாக ஸ்டோருக்குள் போவேன். பிளந்த அடிவளையத்தை அந்த மூன்று பேருக்கு முன்னால் துடைப்பேன். பச்சை துணியில் வரும். மஞ்சள் இரும்பில் நிற்கும். பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும்.

2. புதன்கிழமை விசாரணையில் பணிப்பாளர் சொன்ன வரியையே சொல்வேன். கூடவே அடுத்த வரியும்: மூன்று தேறவில்லை, மூன்றுக்கும் நான்தான் மஞ்சள் அடித்தேன்.

3. இசுரு நூல் கட்டிய இரண்டும் இன்னும் உங்கள் முகாமில்தான் நிற்கின்றன. ஆனால் நூலைப் பற்றி எனக்குத் தெரியவே கூடாது. அதனால் மிச்சம் இருபத்துமூன்றையும் உரிக்கச் சொல்வேன். உரிக்கிற வரைக்கும் வாசலில் உட்காருவேன்.

4. உன் பெயர் எங்கும் வராது. அதற்கு விலை உண்டு: நீ ஏன் சுரண்டினாய் என்பதும் வராது. அரச சொத்தைக் கெடுத்தவன் என்றே உன் கோப்பில் இருக்கும். என்னால் அதைத் துடைக்க முடியாது.

5. வேலை போகும். பொயிலர் பார்க்கப் போவேன்.

6. ஞாயிற்றுக்கிழமை யட்டவத்தச் சந்தை. வெற்றிலைக்காரப் பெண்ணைத் தேடிப் போவேன். தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். "அம்மா, உங்க மகன் அவசரப்படல. ஒண்ணே ஒண்ணுதான் விட்டான். இரும்பை நான் பார்த்தேன்." நூலை அறுத்ததைச் சொல்ல மாட்டேன். அவள் கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

7. உனக்கு இனி எழுத மாட்டேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் கையெழுத்து உன் பெட்டியில் இருந்தால் நீ தொலைந்தாய். இதையும் வாசித்தவுடன் அடுப்பில் போடு. கல்யாணத்தில் என்னைத் தேடாதே, கேட்டால் தெரியாதவன் என்று சொல். திங்கட்கிழமை பெருநாள் வரும் போலிருக்கிறது. உனக்கு லீவு கிடைத்திருக்காது. உம்மா வீட்டுக்குப் போய், உனக்கென்று எடுத்து வைப்பதைச் சாப்பிட்டுவிட்டு வருவேன், அது கடைசி. ஜவாஹிர் நானாவின் வேன் வழக்கம்போல உங்கள் வாசலுக்கு வரும். அதில் பாண் மட்டும்தான் இருக்கும்.